பதினெட்டு வயசுப் பெரியவர்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, ஆணி அதிகம்ங்கற வழக்கமான சாக்குல தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. நேத்து ராத்திரி அப்பாகிட்ட போன்ல பேசினதுக்கு அப்புறம், இனிமே தள்ளக்கூடாதுன்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும். காப்பியோ டீயோ கையில எடுத்துக்குங்க. (அந்த ரெண்டையும் தொடாதவங்க கதைதான் இது.)

2023 பிப்ரவரியில பொட்டி தட்டறதுக்கு என்னை அமெரிக்கா அனுப்பினாங்க. அமெரிக்கான்னதும் நியூயார்க், கலிஃபோர்னியான்னு கனவு கண்டவனைக் கொண்டுபோய் யூட்டா மாநிலத்துல இறக்கிவிட்டாங்க. ஊர் பேரு லீஹை. சால்ட் லேக் சிட்டிக்கும் ப்ரோவோவுக்கும் நடுவுல, எங்க பார்த்தாலும் பனி மூடின மலை. கோவில்பட்டிக்காரனுக்குப் பனின்னா மார்கழி மாசம் காலையில வர்றதுதான். முதல் வாரமே பார்க்கிங்ல வழுக்கி விழுந்து எழுந்தேன்.

அங்க எனக்கு வாய்ச்ச டேமேஜர் (மேனேஜர்தான்) உண்மையில யாரையும் டேமேஜ் பண்ணாத ரகம். நாற்பத்தெட்டு வயசு, வழுக்கை, எப்பவும் சிரிச்ச மூஞ்சி. காப்பி, டீ, பீர், சிகரெட் எதுவும் கிடையாது. பதிலா பெரிய கப்புல டயட் கோக்கு, அதுல தேங்காய் சிரப்பு ஊத்தி உறிஞ்சிக்கிட்டே இருப்பாரு. யூட்டால அது ஒரு தனி மதம் மாதிரி. நிஜ மதம் என்னன்னா, நாம மார்மன்னு சொல்றோமே அது. 2018ல அவங்க சபைத் தலைவரா இருந்த ரஸ்ஸல் நெல்சன், அந்தப் பேரு வேண்டாம், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைன்னு முழுப் பேரையும் சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டாராம். டேமேஜரே ஒருநாள் பொறுமையா திருத்தினாரு. அதுக்கப்புறம் அவர் முன்னாடி நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்ல.

அவரோட மூத்த பையன் பிலிப்பைன்ஸ்ல மிஷனரியா இருந்தான். அந்த சபையில பசங்க 18 வயசானதும் ரெண்டு வருஷம் ஊழியத்துக்குப் போகணும்னு எதிர்பார்ப்பு. பொண்ணுங்க விருப்பப்பட்டா ஒன்றரை வருஷம். 2012 வரைக்கும் பசங்களுக்கு 19 வயசு இருந்துச்சாம், அந்த வருஷம்தான் 18ஆ குறைச்சிருக்காங்க. எந்த நாடுன்னு நாம கேட்க முடியாது. அவங்க சொல்ற இடத்துக்குப் பெட்டி கட்டணும். சம்பளம் கிடையாது, மாசாமாசம் குடும்பம்தான் பணம் கட்டணும். இப்படி ஒரே நேரத்துல உலகம் பூரா 70,000க்கும் மேல பசங்க, பொண்ணுங்க சுத்திக்கிட்டு இருக்காங்க. வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சுல கறுப்பு பேட்ஜு. பேட்ஜுல எல்டர்னு போட்டு குடும்பப் பேர். எல்டர்னா பெரியவர். பதினெட்டு வயசுப் பெரியவர்!

எனக்கு ஒரே சிரிப்பு. எங்க ஊர்ல பதினெட்டு வயசுப் பையனை ரேஷன் கடைக்குக் கூட நம்பி அனுப்ப மாட்டாங்க, ரெண்டு தடவை போன் பண்ணி எங்கலே இருக்கன்னு கேப்பாங்க.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டேமேஜர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவாரு. தனியா இருக்கற பையன்னு ஒரு பரிதாபம். அவங்க வீட்டம்மா உருளைக்கிழங்கையும் சீஸையும் போட்டு மேலே கார்ன்ஃப்ளேக்ஸ் தூவி அவன்ல வச்சு ஒண்ணு செய்வாங்க. அமிர்தம். பேர் என்னன்னு கேட்டேன். கேதவீட்டு உருளைக்கிழங்காம்! சாவு வீட்டுக்குச் சமைச்சு எடுத்துட்டுப் போற பதார்த்தம், அப்படியே பேர் நிலைச்சுப் போச்சு. நான் அதை மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்கு இன்னொரு காரணமும் இருந்துச்சு. லீஹைல ஞாயிறு சாயங்காலம் ஆறு மணின்னா பிலிப்பைன்ஸ்ல திங்கள் காலை எட்டு. திங்கள்தான் பையனுக்கு வாரத்துல கிடைக்கற ஒரே ஓய்வு நாள். துணி துவைக்கணும், காய்கறி வாங்கணும், வீட்டுக்குப் பேசணும். மத்த நாள்லாம் காலை 6:30க்கு எழுந்து ராத்திரி 10:30க்குப் படுக்கற வரைக்கும் அட்டவணைதான். சினிமா, டிவி, காதல் எதுவும் கிடையாது. முக்கியமா, தனியா எங்கேயும் போகக்கூடாது. கூடவே ஒரு ஜோடி மிஷனரி, 24 மணி நேரமும். ஆறு வாரத்துக்கு ஒருதரம் ட்ரான்ஸ்ஃபர் பட்டியல் வரும், ஜோடியும் மாறலாம், ஊரும் மாறலாம்.

"உங்க பையன் வாராவாரம் பேசறானே, பரவாயில்லையே"ன்னேன் ஒருநாள். டேமேஜர் சிரிச்சாரு. 2019 பிப்ரவரி வரைக்கும் வருஷத்துக்கு ரெண்டே போன்தானாம். கிறிஸ்துமஸுக்கு ஒண்ணு, அன்னையர் தினத்துக்கு ஒண்ணு. இவரு 1994ல ஜப்பானுக்குப் போனப்போ எல்லாம் கடுதாசிதான். இவரு "எனக்குக் காய்ச்சல்"னு எழுதி, அவங்கம்மா "இப்ப எப்படிடா இருக்கு"ன்னு கேட்டு பதில் வர்றதுக்குள்ள காய்ச்சல் போய் அடுத்த காய்ச்சல் வந்திருக்கும்.

போன் தவிர, பையன் வாரம் ஒரு கடிதம் ஈமெயில்ல அனுப்புவான். சொந்தக்காரங்க, சபைக்காரங்க எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடல். டேமேஜர் திங்கக்கிழமை மதியச் சாப்பாட்டுல அதை எனக்குப் படிச்சுக் காட்டுவாரு. பெருமைன்னா அப்படி ஒரு பெருமை.

அந்த மடலுக்கு நானும் ரசிகனாயிட்டேன். பையன் இருந்தது லெய்டே தீவு. மேற்குப் பக்கம் செபுவானோ பாஷை. ப்ரோவோல பயிற்சி மையத்துல சில வாரம் அதைப் படிச்சுட்டுத்தான் போயிருந்தான். மூணு வேளையும் சோறு, கருவாடு, கையால சாப்பாடுன்னு எழுதுவான். எல்லாரும் ஆச்சரியப்படுவாங்க, நான் மட்டும் "இதுல என்ன இருக்கு"ன்னு உட்கார்ந்திருப்பேன். பெரியவங்க கையை எடுத்து நெத்தியில வச்சுக்கிட்டு ஆசீர்வாதம் வாங்கற பழக்கத்தைப் பத்தி ஒரு வாரம். அரிசியை அரைச்சு ஆவியில வேகவைச்ச புட்டோன்னு ஒரு பலகாரம் பத்தி ஒரு வாரம். "சார், எங்க ஊர்லயும் இது உண்டு, புட்டுன்னு பேரு"ன்னு நான் குதிச்ச குதியில டேமேஜர் அன்னைக்கே பையனுக்கு எழுதிட்டாரு. அடுத்த மடல்ல எனக்குன்னு தனியா ஒரு வரி வந்துச்சு: புட்டு நண்பருக்கு வணக்கம்.

அப்புறம் மே மாசம் பையனைத் தீவோட கிழக்குப் பக்கம் டக்ளோபானுக்கு மாத்தினாங்க. ஒரே தீவுதான், ஆனா அங்க பேசறது வாராய். கஷ்டப்பட்டு ஒரு பாஷை கத்துக்கிட்டு வந்தவன், மறுபடி திருதிருன்னு முழிக்கற நிலைமை.

டக்ளோபான் பேர் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 2013 நவம்பர் 8ஆம் தேதி ஹையான் புயல் (அங்கே யோலாண்டான்னு சொல்றாங்க) சுருட்டிப் போட்ட ஊர். 6,000 பேருக்கு மேல செத்துப் போனாங்க. காத்தை விடக் கடல்தான் கொன்னுச்சு. புயலோட சேர்ந்து கடல் பொங்கி ஊருக்குள்ள வந்துடுச்சு. அப்பவும் அங்க நிறைய மிஷனரிப் பசங்க இருந்தாங்க. போன் கிடையாது, கரண்ட் கிடையாது, எல்லாரும் பத்திரம்னு தகவல் வந்து சேர நாலஞ்சு நாள் ஆச்சு. யூட்டால எத்தனையோ வீட்ல அந்த நாலஞ்சு நாள் யாரும் தூங்கலன்னு டேமேஜரோட வீட்டம்மா சொன்னாங்க. 2004 சுனாமியப்போ எனக்கு ஏழு வயசு. டிவியில நாகப்பட்டினத்தைக் காட்டினப்போ எங்கம்மா என்னை மடியில இறுக்கி வச்சுக்கிட்டது மட்டும் ஞாபகம் இருக்கு.

ஜூன்ல இருந்து மடல் சுருங்க ஆரம்பிச்சுச்சு. ரெண்டு பக்கம் எழுதறவன் பத்து வரி எழுதினான். இந்த வாரம் நல்லா போச்சு, நிறைய கத்துக்கிட்டேன், எல்லாருக்கும் என் அன்பு. அடுத்த வாரமும் அதே. லாக் ஃபைல் பார்த்துப் பழகின கண்ணு இருக்கே, அது சும்மா இருக்காது. ஒரு ப்ராசஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதுதுன்னா அது ஓடலைன்னு அர்த்தம், எங்கேயோ மாட்டிக்கிட்டு நிக்குது.

அது மட்டுமில்ல. அந்த வரிகள் எனக்கு ரொம்பத் தெரிஞ்ச வரிகள்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2015 ஆகஸ்ட். இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல், முதல் மாசம். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். வகுப்புல ஒரு வார்த்தை புரியல. ராத்திரி சீனியர் தொல்லை. பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவேன், சத்தம் வெளிய கேக்கக் கூடாதுல்ல. வீட்ல இருந்து போன் வந்தா, "சாப்டேன்மா, நல்லா இருக்கேன்மா, படிக்கறேன்மா". மூணே வரி. ஒருநாள் தாங்காம அப்பாவுக்குப் போன் பண்ணி "நான் வந்துடறேம்ப்பா"ன்னுட்டேன். அப்பா ஒண்ணும் பேசல. மறுநாள் காலையில ஹாஸ்டல் வாசல்ல நிக்கறாரு. ராத்திரி பூரா பஸ்ல வந்திருக்காரு. கையில ஒரு மஞ்சப்பை, அதுல ரெண்டு கிலோ கடலைமிட்டாய். ரெண்டு பேரும் எதிர்க்க இருந்த கடையில தோசை சாப்பிட்டோம். "கொஞ்ச நாள் பாருலே"ன்னாரு. சரின்னேன். மதியம் பஸ் ஏறிப் போயிட்டாரு. நானும் இருந்துட்டேன். நாலு வருஷம் ஓடிப் போச்சு.

இருந்துட்டேன்தான். ஆனா அந்த முதல் வருஷம் என்னை என்ன பண்ணுச்சுன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.

ஜூலை முதல் வாரம், மதியச் சாப்பாட்டுல, டேமேஜர் மடலைப் படிச்சு முடிச்சதும் வாயை அடக்க முடியாம சொல்லிட்டேன். "உங்க பையன் நல்லா இல்லைன்னு நினைக்கறேன்."

அவர் மூஞ்சியில சிரிப்பு போனதை அன்னைக்குத்தான் முதல் தடவையா பார்த்தேன். "நாங்க வாராவாரம் பேசறோமே"ன்னாரு. அப்புறம் தட்டை எடுத்துட்டுப் போயிட்டாரு. ரெண்டு நாள் வேலையைத் தவிர வேற பேச்சில்ல. ஆன்சைட் வந்த இடத்துல அடுத்தவன் குடும்பத்துல மூக்கை நுழைச்சுட்டியேடான்னு என்னை நானே திட்டிக்கிட்டேன்.

ஜூலை 24 யூட்டால பெரிய பண்டிகை. 1847ல அவங்க முன்னோருங்க ப்ரிகாம் யங் தலைமையில பாலைவனத்தைத் தாண்டி அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்த நாள். ராத்திரி எல்லாத் தெருவுலயும் வாணவேடிக்கை, நம்ம தீபாவளி மாதிரி. டேமேஜர் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாரு. வெடிச் சத்தத்துக்கு நடுவுல, கொல்லைப்புறத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கிட்டு மெதுவா சொன்னாரு. "நீ சொன்னது சரி. அவன் தூங்கறதே இல்லையாம். ஜூன்லயே என்கிட்ட வரட்டுமான்னு கேட்டான். நான்தான் கொஞ்சம் பொறுத்துக்கோன்னேன்."

அந்த ஊர்ல பாதியில திரும்பி வர்றதுன்னா லேசுப்பட்ட விஷயம் இல்லைங்க. போறப்போ சபையே கூடி வழியனுப்பி வச்சிருக்கும். ரெண்டு வருஷம் முடிச்சு வர்றவனுக்கு ஏர்போர்ட்ல பேனர், பலூன், தாத்தா பாட்டி, பக்கத்து வீடு, குஞ்சு குளுவான் எல்லாம். 2020ல சால்ட் லேக்ல புது ஏர்போர்ட் கட்டினப்போ, இந்தக் கூட்டம் நிக்கறதுக்குன்னே வரவேற்பு அறை ஒண்ணு வச்சிருக்காங்கன்னா பார்த்துக்குங்க. அப்படிப்பட்ட ஊர்ல ஒருத்தன் முன்னாடியே வந்தா யாரும் வாய்விட்டுக் கேக்க மாட்டாங்க. கேக்காமப் பார்ப்பாங்க. பின்னாடி வேலைக்குப் போனா, பொண்ணு பார்த்தா, அந்தப் பேச்சு கூடவே வரும். "ஏன் சீக்கிரம் வந்தான்?" டேமேஜர் சபையிலயும் ஏதோ பொறுப்புல இருந்தாரு. அடுத்தவங்க பிள்ளைங்களுக்கு நாலு வார்த்தை தைரியம் சொல்ற ஆள்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் இருடான்னேன்"னாரு. அந்த வார்த்தை எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. கொஞ்ச நாள் பாருலே.

என்ன சொல்றதுன்னு தெரியல. நான் இருந்து பார்த்தவன். படிச்சு, வேலை வாங்கி, அமெரிக்கா வரைக்கும் வந்துட்டேன். அப்போ இருக்கச் சொல்றதுதான் சரியா? ஆனா எங்க ஹாஸ்டல்ல என்னை மாதிரியே இருந்து பார்த்த இன்னொருத்தன் செகண்ட் இயர்ல என்ன ஆனான்ங்கறதும் எனக்குத் தெரியும். நல்லவேளை, காப்பாத்திட்டாங்க. அவன் கதையை மட்டும் அவர்கிட்ட சொன்னேன். வெடிச் சத்தம் ஓயற வரைக்கும் ரெண்டு பேரும் பேசல.

அக்டோபர்ல ஒரு புதன்கிழமை. எங்களுக்கு அன்னைக்கு ராத்திரி ப்ரொடக்ஷன் ரிலீஸ். டேமேஜர் என் டேபிளுக்கு வந்து, "இன்னிக்கு ரிலீஸை நீ பார்த்துக்கோ, என்னோட ரிலீஸ் ஏர்போர்ட்ல வருது"ன்னாரு. அவங்க பாஷையில ஊழியத்தை முடிச்சு விடுவிக்கறதுக்கும் ரிலீஸ்னுதான் பேரு. பதினாலு மாசத்துல ரிலீஸ். பேனர் கிடையாது. அவரு, வீட்டம்மா, தங்கச்சி மூணு பேர் மட்டும். பத்து மணிக்கு எனக்கு ஒரு மெசேஜ்: "வந்துட்டான். பசிக்குதுன்னான்." என் ரிலீஸ் ரெண்டு தடவை புட்டுக்கிச்சு, காலையில நாலு மணிக்குத்தான் வீட்டுக்குப் போனேன். ஆனா அன்னைக்கு எனக்குக் கோவமே வரல.

மூணு வாரம் கழிச்சு அவனை நேர்ல பார்த்தேன். ஒல்லியா, உயரமா, கையை எங்க வைக்கறதுன்னு தெரியாம நின்னான். "புட்டு நண்பர்"னு கையைக் குடுத்தான். சாப்பிட்டப்புறம் ரெண்டு பேரும் வெளிய நடந்தோம்.

அவன் சொன்னதுல ரெண்டு விஷயம் மறக்கல. ஒண்ணு, 24 மணி நேரமும் கூட ஒருத்தன் இருக்கறப்போதான் ரொம்பத் தனியா இருக்குமாம். அழக்கூட இடமில்ல. (பாத்ரூம் குழாயான்னு கேட்டேன். நிமிர்ந்து பார்த்தான். ஆமான்னான்.)

ரெண்டாவது, ஒரு பாட்டி. கடற்கரைப் பக்கம் தகரக் கொட்டகை. யோலாண்டால மகனையும் ரெண்டு பேரப் பிள்ளைங்களையும் பறிகொடுத்தவங்க. ரேடியோவுல புயல் அலை வரும்னு இங்கிலீஷ்ல சொன்னாங்களாம், அது என்னன்னு யாருக்கும் புரியல, சுனாமின்னு சொல்லியிருந்தா ஓடியிருப்போமேன்னு சொல்லிச் சொல்லி அழுவாங்களாம். அவங்களுக்கு இவன் ஆறுதல் சொல்லணும். குடும்பம்ங்கறது சாவுக்கு அப்புறமும் சேர்ந்தே இருக்கும்னு அவங்க சபையில சொல்றதை, அரைகுறை வாராய்ல சொல்லியிருக்கான். பாட்டி கேட்டுட்டு, உள்ள போய் இவனுக்குச் சோறும் கருவாடும் எடுத்து வந்து வச்சாங்களாம்.

"நான் சொன்னதை நான் நம்பறேன். இப்பவும் நம்பறேன். ஆனா எனக்குப் பத்தொன்பது வயசு. என் வீட்ல யாரும் செத்ததில்ல. அவங்க வீட்ல இருந்த சோத்தைத் தின்னுட்டு வந்தேன். அன்னையில இருந்துதான் தூக்கம் போச்சு"ன்னான்.

எனக்கு அவங்க மதத்துல நம்பிக்கை கிடையாது. சின்ன வயசுல இருந்து செண்பகவல்லி அம்மன்தான். கதவைத் தட்டி மதம் சொல்றவங்க மேல நம்ம எல்லாருக்கும் இருக்கற எரிச்சல் எனக்கும் உண்டு. ஆனா அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கறவன், ஹாஸ்டல் பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டவனாவும் இருக்கலாம்னு எனக்கு அதுவரைக்கும் தோணினதே இல்ல.

2024ல நான் சென்னை திரும்பிட்டேன். போன வாரம் டேமேஜர்கிட்ட இருந்து மெசேஜ். பையன் நர்சிங் படிக்கறான். தங்கச்சிக்கும் ஊழிய அழைப்பு வந்து போர்ச்சுகல் கிளம்பிட்டாளாம். "ஏர்போர்ட்ல அவகிட்ட ஒண்ணுதான் சொன்னேன். எப்ப வரணும்னு தோணினாலும் சொல்லு, காரணம் சொல்ல வேண்டாம், டிக்கெட் போடறேன்னேன். அவ அண்ணன் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தான்"னு எழுதியிருந்தாரு.

அதைப் படிச்சதுல இருந்து மனசு ஒரு நிலையில இல்ல. நேத்து ராத்திரி அப்பாவுக்குப் போன் பண்ணினேன். மழை பெஞ்சுதா, மருந்து சாப்பிட்டீங்களான்னு சுத்தி வளைச்சு, கடைசியில கேட்டுட்டேன். "ப்பா, அன்னைக்கு ஹாஸ்டலுக்கு வந்தீங்கள்ல. நான் வந்தே தீருவேன்னு நின்னிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. லைன் கட் ஆயிடுச்சோன்னு பார்த்தேன்.

"ரெண்டு டிக்கெட்டுக்குக் காசு எடுத்துட்டுத்தாம்லே வந்தேன். பக்கத்து வீட்டுல கைமாத்து வாங்கினேன். நீ கேக்கல, நானும் கேக்கல"ன்னாரு.

பத்து வருஷம் கழிச்சு இதைச் சொல்றாரு மனுஷன்.

"சரி, அம்மாட்ட பேசு"ன்னு போனைக் குடுத்துட்டாரு. அம்மா வழக்கம் போல, சாப்டியான்னு கேட்டாங்க. "இல்லம்மா, இன்னிக்குச் சாப்பிடப் பிடிக்கல"ன்னேன். பொய் சொல்லாம பதில் சொல்லி எத்தனை வருஷமாச்சோ தெரியல. அப்புறம் ஒரு மணி நேரம் பேசினோம்.

பி.கு: கேதவீட்டு உருளைக்கிழங்கை வீட்ல செஞ்சு பார்த்தேன். ரூம்மேட் ரெண்டாவது தடவை வாங்கினப்புறம்தான் பேரைச் சொன்னேன். தட்டை அப்படியே வச்சுட்டான். மிச்சத்தையும் நானே தின்னேன்.